ஒன்பது மணிக்குத் தண்ணீர் ஏறும் வீடு

எங்கள் கட்டடத்தில் ‘ஹலோ’ என்பது ஒரு பெண்ணின் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது அடையாள அட்டையிலேயே கிடந்து தூங்குகிறது. இந்தப் பெயரை வைத்தவர் கீழ்த்தளத்துத் தையல்காரர். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மூன்றாம் மாடியிலிருந்து “ஹலோ, வணக்கம், சொல்லுங்க” என்று ஒரே குரல் இறங்கிக்கொண்டே இருந்தால் அவரும் என்ன செய்வார்? தன் தையல் மெஷினே அந்தத் தாளத்துக்குத்தான் ஓடுகிறது என்பார். அவள் காய்ச்சலில் படுத்த அன்று ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துவிட்டார். நம்பாவிட்டால் போங்கள், அந்தச் சட்டையை நான் கண்ணால் பார்த்தேன்.

ஹலோவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். போனால் நாலு நாள், சில நேரம் ஆறு நாள். வந்தால் ஒரு நாள் தூங்குவார், ஒரு நாள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியைச் சுற்றுவார், மறுநாள் விடியும்போது லாரியும் இருக்காது, அவரும் இருக்க மாட்டார்.

அவளுக்கு வேலை, துணி துவைக்கும் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில். தண்ணீர் இறங்கவில்லை, டிரம் சுற்றவில்லை, சுற்றுகிறது ஆனால் சமையலறையிலிருந்து நடந்து கூடத்துக்கு வந்துவிடுகிறது என்று ஊரிலுள்ள கோபம் எல்லாம் அவள் காதில்தான் விழும். அவள் குரலில் என்ன வைத்திருந்தாளோ, மெஷினை மாடியிலிருந்து தள்ளிவிடப்போவதாகக் கத்தியவர்கூடக் கடைசியில் “எந்த சோப்பும்மா நல்லது?” என்று கேட்டுவிட்டு வைப்பார். ஒரு கிழவர் மெஷின் சரியாகி ஒரு வாரம் ஆன பிறகும் கூப்பிட்டு, “புகார் ஒண்ணும் இல்லம்மா, நல்லா சுத்துது, அத சொல்லத்தான்” என்றாராம்.

முதலில் அலுவலகம் போய்த்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்பெனி அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு, எல்லோரையும் வீட்டிலிருந்தே பேசச் சொல்லிவிட்டது. ஆளுக்கொரு ஹெட்செட் வந்தது. கூடவே ஒரு விதி: பேச்சு எல்லாம் பதிவாகும். அதில் சிலதை எடுத்துப் போட்டுக் கேட்பார்கள். நாய், குக்கர், குழந்தை என்று பின்னால் ஏதாவது சத்தம் கேட்டால் ஒரு புள்ளி. மூன்று புள்ளி ஆனால் ஹெட்செட்டைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான்.

“வீட்ல அமைதியா இருக்குமா?” என்று மேற்பார்வை மேடம் போனில் கேட்டபோது, “நான் மட்டும்தான் மேடம், ஊசி விழுந்தா கேக்கும்” என்றாள் ஹலோ. அந்த நேரத்தில் சின்னவன் ஒரு தட்டால் தரையை அடித்துக்கொண்டிருந்தான். அவள் போனைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள்.

அப்போது பெரியவளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது, சின்னவனுக்கு ஒன்றரை. இரண்டு அறை, ஒரு சமையலறை. உள்ளறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே மேசையைப் போட்டு, தெருச் சத்தம் வராமல் ஜன்னலுக்கு ஒரு மெத்தையை நிற்க வைத்து, கதவைக் கையகலத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டாள். அந்த இடுக்கு வழியாகப் பிள்ளைகள் தெரிய வேண்டும், குரல் மட்டும் வரக் கூடாது.

பிள்ளைகளை உட்கார வைக்க அவள் படாத பாடு பட்டாள். ஒரு டப்பா நிறையப் பட்டன் கொடுத்தாள், தையல்காரர் தந்தது. நிறம் பிரித்து அடுக்கச் சொன்னதில் இருபது நிமிடம் ஓடியது, அப்புறம் ஒரு பச்சைப் பட்டன் சின்னவன் மூக்குக்குள் போய்விட்டது. பிசைந்த மாவு கொடுத்தாள், அரை மணி. மீதி மாவை அன்று சாயங்காலம் பெரியவள் தலைமுடியிலிருந்து எடுக்க ஒரு மணி நேரம். தரையில் டேப் ஒட்டிச் சாலை போட்டுக் கொடுத்தாள். பழைய செய்தித்தாளைக் கிழிக்கக் கொடுத்தாள். அதைப் பெரியவள் ரசித்துக் கிழித்தாள், கூடவே என்னிடம் இரவல் வாங்கிய புத்தகத்தில் பன்னிரண்டு பக்கத்தையும். நான் நூலகத்தில் வேலை பார்த்தவள். கொலைகாரனைக்கூட மன்னிப்பேன், பக்கம் கிழித்தவரை மன்னிக்க மாட்டேன். அந்த ஐந்து வயதுக்காரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

முதல் புள்ளி இப்படி விழுந்தது. ஒருவர் மெஷினில் தண்ணீர் நிற்காமல் ஒழுகுவதைப் பற்றி விவரித்துக்கொண்டிருந்தார். கூடத்திலிருந்து சின்னவன் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி, “அம்மா...! வந்துடுச்சு...!” என்று கூவினான். என்ன வந்தது என்று தெரியாத வீடு உலகத்தில் இல்லை.

“உங்க வீட்லயும் ஒழுகுதாம்மா?” என்றார் அந்த மனிதர்.

அவர் சிரித்துவிட்டார், கம்பெனி சிரிக்கவில்லை. மறுநாள் மேற்பார்வை மேடம் அந்தத் துண்டை மட்டும் வெட்டி அவளுக்கே போட்டுக் காட்டி, “இது யாரு குரல்?” என்றாள். “பக்கத்து வீட்டுக் குழந்தை மேடம், ஜன்னல் திறந்திருந்துச்சு” என்றாள் இவள். தன் மகனைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டது அந்த வாயால்தான். இரண்டு வாரத்தில் தட்டு விழுந்து இரண்டாவது புள்ளியும் வந்துவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மீன் விளையாட்டைக் கண்டுபிடித்தாள்.

விளையாட்டு இதுதான். அம்மா ஹெட்செட்டை மாட்டினால் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிடும். கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து, அப்புறம் கூரை வரைக்கும். பிள்ளைகள் இரண்டும் மீன். மீன் வாயைத் திறந்து திறந்து மூடும், சத்தம் வராது. சத்தம் போட்டால் தண்ணீர் வாய்க்குள் போய்விடும். ஏதாவது வேண்டுமென்றால் கதவு இடுக்குக்கு நீந்தி வந்து, உதட்டால் சொல்ல வேண்டும். அம்மா பார்த்துப் புரிந்துகொள்வாள். ஹெட்செட்டைக் கழற்றினால் தண்ணீர் வடிந்துவிடும்.

இவ்வளவு சாதாரணமான ஒரு பொய் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று அவளே நினைத்திருக்க மாட்டாள். ஒரே வாரத்தில் அந்த வீடு கடலடி ஆகிவிட்டது. பிள்ளைகள் இரண்டும் கையைத் துடுப்பு போல ஆட்டிக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் திரிந்தன. பிஸ்கட்டைக் கடித்தால் சத்தம் வருமென்று பாலில் ஊறப்போட்டுத் தின்றன. தும்மல் வந்தால் தலையணையைத் தேடி ஓடின. சுவர்ப் பல்லி சத்தம் போட வெட்கப்பட்டு எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது.

உதட்டைப் படிப்பதில் ஆரம்பத்தில் கூத்தும் நடந்தது. பெரியவள் ஒரு நாள் இடுக்கில் வந்து “பூனை வேணும்” என்றாள். உதட்டுக்குப் பூனையும் ஒன்றுதான், மூணும் ஒன்றுதான். பிஸ்கட் மூன்று கேட்கிறாள் என்று நினைத்து, பேச்சை நிறுத்தாமலே ஹலோ இரண்டு விரலைக் காட்டினாள். ஐந்து மணிக்கு ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தால், கீழே தையல்கடையில் குட்டி போட்ட பூனையின் பிள்ளைகளில் இரண்டு, கட்டிலில் படுத்திருந்தன.

“நீதானம்மா ரெண்டுன்னே!” என்றாள் பெரியவள், தண்ணீர் வடிந்த குரலில்.

மூன்றாம் புள்ளி விழவே இல்லை. ஓர் ஆண்டு முடிந்தபோது மேற்பார்வை மேடம் கூப்பிட்டு, மற்ற பெண்களுக்கெல்லாம் இவள் பதிவைத்தான் போட்டுக் காட்டுவதாகச் சொன்னாள். கட்டடத்திலும் பேர்தான். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு தாய் தன் முரட்டுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு விளையாட்டைக் கற்றுக்கொள்ள வந்தாள். அவன் சுறாமீன் ஆகி என் செருப்பைக் கடித்தான்.

நானும் மெச்சினேன், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மூன்று மணிக்கு நூலகத்திலிருந்து வந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் மட்டும் தேன் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். நாற்காலியில் கால் நீட்டிப் படிக்க இதைவிட நல்ல வீடு கிடைக்காது. அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகளை இங்கே அனுப்பு என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. சொன்னால் அனுப்பிவிடுவாளே என்ற பயம்.

“எப்படிம்மா இப்படி வளர்த்தே?” என்று மட்டும் கேட்பேன்.

“சும்மா இருங்கக்கா” என்பாள். என் வயதுக்கு அக்கா என்று கூப்பிட்டது அவள் நல்ல மனசு. “பெரியவளாவது பரவால்ல. சின்னவன் இருக்கானே, ஒரு நாளைக்கு அம்பது தடவ கதவுகிட்ட வந்து நிப்பான். ‘அம்மா’ம்பான். சத்தமே வராது, உதடு மட்டும். நான் தலைய ஆட்டி, சிரிச்சு, ஒரு முத்தம் பறக்க விடுவேன். அவ்ளோதான், சந்தோஷமா ஓடிடுவான். வேற ஒண்ணும் கேக்க மாட்டான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாள் ஓடுது எனக்கு.”

சொல்லும்போதே குரல் கரகரக்கும். எட்டு மணி நேரம் ஊருக்குப் பேசியவள் தொண்டையில் சாயங்காலம் ஒன்றும் மிஞ்சாது. வெந்நீரைக் குடித்துக்கொண்டு, பிள்ளைகளிடம் கையாலும் கண்ணாலும்தான் பேசுவாள். இதனால் தண்ணீர் வடிந்த பிறகும் சின்னவன் அவளிடம் உதட்டாலேயே பேசினான். அக்காவிடம் வாய் ஓயாது, அப்பா வந்தால் மாடிப்படி எல்லாம் அவன் குரல்தான். அம்மாவிடம் மட்டும் மீன். அதை அவள் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பாஷை என்று பெருமைதான் பட்டாள்.

மூன்று மணிக்கு நான் படியேறி வரும்போதெல்லாம் அவர்கள் வீட்டுக் கம்பிக் கதவுக்குப் பின்னால் சின்னவன் நின்றுகொண்டிருப்பான். இரண்டு கம்பிக்கு நடுவே மூக்கு, காலில் செருப்பு. படியையே பார்ப்பான். நான் என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் இறங்கும். அப்புறம் விரலை வாயில் வைத்து என்னை எச்சரிப்பான். என் பை நிறையப் புத்தகம், மூச்சு வாங்கும். “சமத்து” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவேன். இவன் ஏன் தினமும் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறான் என்று ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டியவள் நான்.

இப்படியே இரண்டு ஆண்டு போயிற்று. சின்னவனுக்கு மூன்றரை, பெரியவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். அன்று அவளுக்கு விடுமுறை. எனக்கும் நூலகம் இல்லை. தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மதியம் இரண்டு மணிக்கு மண்வெட்டியை ஓங்கிப் போட்டார்கள். கட்டடத்துக்கே இன்டர்நெட் போய்விட்டது. ஹலோவின் ஹெட்செட்டில் டிரம் எப்படிச் சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் பாதியில் காணாமல் போனார்.

அவள் வாசலுக்கு வந்து என் கதவைத் தட்டினாள்.

“உங்களுக்கும் போச்சாக்கா?”

“எனக்கு எப்பவும் இருந்ததில்ல. வா, உக்காரு.”

“இருங்க, பசங்களப் பாத்துட்டு வரேன். பகல்ல நான் சும்மா இருந்து எவ்ளோ நாளாச்சு!”

நானும் கூடவே போனேன். வீடு எப்படி அவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று பார்க்கும் ஆசை. அவள் உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பழக்கதோஷம், ஹெட்செட் இன்னும் கழுத்தில் தொங்கியது. பெரியவள் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். சின்னவன் கதவு இடுக்குக்கு வந்தான். உதட்டை ஒட்டிப் பிரித்தான், மூன்றே எழுத்து.

“பாத்தீங்களா?” என்று ஹலோ என்னிடம் கண்ணைச் சிமிட்டினாள். அவனைப் பார்த்துத் தலையாட்டி, சிரித்து, முத்தத்தைப் பறக்க விட்டாள்.

பையன் முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி ஆகிவிட்டது. திரும்பி ஓடினான். மற்ற நாளாக இருந்தால் அந்த நேரத்துக்கு அடுத்த அழைப்பு வந்திருக்கும். அவன் எங்கே ஓடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அன்று அழைப்பு இல்லை. எட்டிப் பார்த்தாள். அவன் செருப்பை எடுத்து, இடது வலது மாற்றி மாட்டிக்கொண்டு, கம்பிக் கதவுக்குப் போய் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து நின்றான்.

“எங்கடா கண்ணா கிளம்பிட்டே?”

அவன் விரலை உதட்டில் வைத்தான்.

“அவன் எங்கயும் போகலம்மா” என்றாள் பெரியவள், வரைவதை நிறுத்தாமலே. “அப்பாவுக்கு நிக்கிறான்.”

“அப்பா நாளன்னிக்குத்தானடி வருவாரு?”

“அவனுக்கு என்ன தெரியும்? ‘அப்பா?’ன்னு உன்கிட்ட கேட்டான். நீ ஆமான்னு தலையாட்டினே. போய் நிக்கிறான்.”

ஹலோ என்னைப் பார்த்தாள். நான் என் உதட்டாலேயே சொல்லிப் பார்த்தேன். அம்மா. அப்பா. உங்கள் வீட்டுக் கண்ணாடியில் நீங்களும் சொல்லிப் பாருங்கள். குரலை எடுத்துவிட்டால் இரண்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது.

“எத்தன நாளா கேக்கறான்?” என்றாள். கேட்டது அவள் குரல் மாதிரியே இல்லை.

“எப்பவும் அதான் கேப்பான்.”

“எப்பவும்னா?”

“எப்பவும்மா. காலைல, சாப்பிட்ட அப்புறம், தூங்கி எழுந்து. நீ ஆமான்னுவே. அவன் போய் நிப்பான். கால் வலிச்சா உக்காருவான். அப்புறம் மறந்துட்டு வந்து மறுபடி கேப்பான்.”

“ஏன்டி... ஏன்டி நீ எங்கிட்ட சொல்லவே இல்ல?”

பெரியவள் தலையைத் தூக்கினாள். திட்டு எதற்கு என்று உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை.

“உனக்குத் தெரியும்னு நெனச்சேன். இதுவும் ஒரு விளையாட்டுன்னு நெனச்சேம்மா. பட்டன் குடுத்தா சீக்கிரம் எழுந்துடுவான். இதுல ரொம்ப நேரம் நிப்பான், தொந்தரவே இல்ல. நல்ல ஐடியாதானே?”

எத்தனையோ கதை நான் கட்டியிருக்கிறேன். அந்த இடத்தில் என்ன சொல்லியிருந்தால் அந்தத் தாய்க்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்குக் கட்ட வரவில்லை.

அவள் எழுந்து போய்ப் பையன் பக்கத்தில் குந்தினாள். ஹெட்செட்டைக் கழுத்திலிருந்து உருவிச் செருப்புகளுக்கு நடுவே வைத்தாள்.

“கண்ணா, தண்ணி வடிஞ்சிடுச்சுடா. சத்தமா கேளு. என்ன கேட்டே அம்மாகிட்ட?”

அவன் உதடு அசைந்தது.

“சத்தமாடா. தண்ணி இல்ல பாரு. கேளு.”

அவன் தரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் “கேளுடா” என்றாள். அப்புறம்தான் மெதுவாக, “அப்பா வந்தாச்சா?” என்று குரல் வந்தது.

தலையாட்டித் தலையாட்டி அவள் கழுத்துக்கு அது பழகியிருந்தது. ஒரு கணம் அசையப்போனதை நான் பார்த்தேன். நிறுத்திக்கொண்டாள்.

“இல்லடா. இன்னிக்கு வரல. நாளைக்கும் வரல. நாளன்னிக்கு வருவாரு.”

அவன் அவளை உற்றுப் பார்த்தான். அதுவரை அவள் இல்லை என்றதே கிடையாதே. பிறகு அழுதான். சின்ன அழுகை இல்லை, கட்டடம் கிடுகிடுத்தது. கீழே தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, “யாரு விழுந்தது?” என்று கத்தினார். பையன் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு “அப்பா, அப்பா” என்று அழ, ஹலோ அவனை அடக்கவும் இல்லை, வாயைப் பொத்தவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். தன்னை அவன் ஐம்பது தடவை கூப்பிட்டதாக நினைத்திருந்ததில் எத்தனை தனக்கு என்று அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும். எண்ணி என்ன, கணக்கு சூன்யம்தான்.

மறுநாள் இணைப்பு வந்ததும் முதல் வேலையாக மேற்பார்வை மேடத்தைக் கூப்பிட்டாள். நான் கூடவே இருந்தேன். சின்னவன் என் மடியில்.

“மேடம், நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு ரெண்டு பசங்க. வீட்லதான் இருக்காங்க. இனிமே சத்தம் வரும்.”

குரலைத் தாழ்த்தி, “எனக்கு மூணும்மா. இப்ப பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுட்டு உக்காந்துதான் உங்ககிட்ட பேசறேன்” என்றாள் மேற்பார்வை மேடம். கதவை யாரோ உதைக்கிற சத்தமும் கேட்டது.

குரல் வேலை இனிக் கிடையாது, எழுதி அனுப்புகிற புகார்களுக்குத் தட்டச்சில் பதில் சொல்லும் பிரிவுக்கு மாற்றிப் பார்க்கிறேன் என்றாள். நல்ல மனுஷிதான். ஹலோ தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டாள்.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு புள்ளி போட்டீங்களே மேடம், பக்கத்து வீட்டுக் குழந்தைன்னு சொன்னேன்... அந்தப் பதிவு இருக்குமா?”

“எதுக்கும்மா?”

“அதுல அவன் அம்மான்னு கூப்பிடுவான்.”

“மூணு மாசத்துக்கு மேல எதையும் வச்சுக்க மாட்டாங்கம்மா. அழிச்சிடுவாங்க.”

“சரி மேடம்” என்றாள் ஹலோ, புகார்க்காரரிடம் பேசுகிற அதே தேன் குரலில்.

லாரிக்காரர் வந்து விவரம் கேட்டதும் சத்தம் போடுவார் என்று பயந்தாள். அவர் போடவில்லை. “நான் வராத நாளெல்லாம் நின்னானா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே மாடிப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் வடிந்தது என்னவோ நிஜம். பெரியவள் இரண்டு ஆண்டுக் கத்தலையும் ஒரே வாரத்தில் கத்தித் தீர்த்தாள். பல்லி என் வீட்டிலிருந்து திரும்பிப் போய்விட்டது. சின்னவனும் மெல்ல மெல்ல அம்மாவிடம் வாய் திறந்து பேச ஆரம்பித்தான். பால் வேணும், காலு வலிக்குது, அக்கா அடிச்சா என்று எல்லாம் குரலோடு வந்தது. ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. அவளைக் கூப்பிட மாட்டான்.

சொல்லச் சொன்னால் சொல்லுவான். “அம்மா சொல்லு” என்றால் “அம்மா” என்பான், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. “இது யாரு?” என்றால் “எங்கம்மா” என்பான். சொல்வது வேறு, கூப்பிடுவது வேறு என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அக்காவை அறையிலிருந்து அறைக்குக் கூவி அழைப்பான். அப்பாவை மாடியிலிருந்து தெருவரைக்கும். அவளிடம் ஏதாவது வேண்டுமென்றால், அவள் எங்கே இருக்கிறாளோ அங்கே வந்து, முழங்கையை ஒரு விரலால் தொடுவான். அவள் திரும்பிப் பார்த்த பிறகுதான் பேச்சே.

அவள் செய்யாத வித்தை இல்லை. சமையலறையில் ஒளிந்துகொண்டு, தேடிக் கூப்பிடுவான் என்று காத்திருந்தாள். அவன் வீடு முழுக்கச் சத்தமில்லாமல் தேடிக் கண்டுபிடித்து முழங்கையைத் தொட்டான். புது விளையாட்டு ஒன்று கட்டினாள், யார் அதிகச் சத்தமாக அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்று. பெரியவள் ஜெயித்தாள். இரண்டாம் மாடிச் சுறாமீன்கூட வந்து கலந்துகொண்டு, “அம்மா!” என்று அவளைப் பார்த்து முழங்கினான்.

“உன் புள்ளைய நீயே கத்துக்குடுத்து ஊமையாக்கிட்டே” என்று அவள் தன்னையே திட்டிக்கொள்வாள்.

“ஊமையா? நேத்து என்கிட்ட ஒரு மணி நேரம் பேசினான். எனக்குத்தான் காது வலிச்சுது” என்பேன் நான்.

“உங்களக் கூப்பிட்டானா, தொட்டானா?”

“கூப்பிட்டான்” என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் பொய் சொல்ல வேண்டிய ஓரிடத்தில் உண்மையைச் சொன்னேன்.

இப்போது அவனுக்கு எட்டு வயது. சாயங்காலம் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் கீழே முற்றத்தில் பந்து விளையாடும். தாகம், பசி, சண்டை, தோற்றுப்போன ஆட்டம் என்று எதற்கெடுத்தாலும் கீழேயிருந்தே தலையைத் தூக்கி “அம்மா!” என்று ஒரு குரல் விடுவார்கள். எந்தப் பிள்ளை என்று பார்க்க ஆறு ஜன்னலிலிருந்து ஆறு தலை நீளும். ஏழாவது தலை ஹலோவுடையது. அது அவள் பிள்ளை இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்ப்பாள்.

போன வாரம் நான் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் மேசையில் தட்டிக்கொண்டிருந்தாள், யாருடைய டிரம்மோ சுற்றவில்லை. மாடிப்படியில் தடதடவென்று ஓடிவருகிற சத்தம் கேட்டது. மூன்று மாடி ஏறி, வேர்த்து, மூச்சு வாங்க வந்து நின்றான் பையன். அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள், ஆனால் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு நொடி, இரண்டு நொடி. ஐந்து வருஷமாக ஒவ்வொரு தடவையும் அவள் அப்படித்தான் கொஞ்சம் காத்துப் பார்க்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அவன் வந்து முழங்கையைத் தொட்டான்.

“பந்துல காத்து இல்ல. பம்ப் எங்க இருக்கு?”

“கட்டிலுக்கடியில” என்றாள் அவள், திரும்பி, நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு. “ஏன்டா மூணு மாடி ஏறி வர? கீழ நின்னு ஒரு குரல் குடுத்தா நான் தூக்கிப் போட மாட்டேனா?”

“நீ வேலையா இருப்பியே” என்றான் அவன். கட்டிலுக்கடியில் கையை விட்டுப் பம்பை இழுத்துக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் கதவு வரைக்கும் நடந்து, அதற்கப்புறம்தான் ஓடினான்.